கதைக்க ஆளில்லாத வீடு: ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலும் கேட்பார் இல்லாமையும்

1. ஒரு வழக்குச் சொல்

யாழ்ப்பாணத்தின் வடகரை மீன்பிடி ஊரான மயிலிட்டியில் ‘தனிமை’ என்ற சொல்லை வாய்ப்பேச்சில் கேட்பது அரிது. அது புத்தகச் சொல். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, போருக்குப் பின் மீளக் கிடைத்த காணியில் கட்டிய சிறிய வீட்டில் ஒற்றையாய் இருக்கும் ஒரு மூதாட்டியிடம் சுகம் விசாரித்தால், “குறையொன்றும் இல்லைத் தம்பி, கதைக்கத்தான் ஆளில்லை” என்பார். பக்கத்து வளவில் ஆட்கள் இருப்பார்கள். துறையில் படகு இயந்திரங்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். மாலையில் யாரேனும் படலையைத் திறந்து வந்து போவார்கள். ஆனாலும் அவர் சொல்வது பொய்யல்ல. அவருடைய கணக்கில் ‘ஆள்’ என்பது கேட்கும் காது மட்டுமே.

யாழ்ப்பாணத் தமிழில் கதைத்தல் என்றால் பேசுதல். இலக்கியத்தில் கதை என்றால் புனைவு. இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதை நாம் நாள்தோறும் புழங்கியும் யோசித்ததில்லை. கதைக்க ஆளில்லாதவர்கள் கதைக்குள் வந்தபோது என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இன்னும் குறிப்பாகச் சொன்னால்: தமிழ் நாவலில் வரும் தனிமை, மனிதர் இல்லாததால் வருவதா, மனிதர் நிறைந்த வீட்டில் கேட்பார் இல்லாததால் வருவதா?

மயிலிட்டி இன்று தெல்லிப்பழைப் பிரதேச செயலர் பிரிவில் இருக்கிறது. அந்தத் தெல்லிப்பழையைச் சேர்ந்த மங்களநாயகம் தம்பையா 1914 இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ என்ற நாவலை வெளியிட்டார். ஈழத்தில் ஒரு பெண் எழுதிய முதல் தமிழ் நாவலாக அது அறியப்படுகிறது. எனது விடையை அந்த நாவலிலிருந்து தொடங்கி, பின்வந்த சில நாவல்களோடு ஒப்பிட்டுத் தேடுகிறேன்.

2. இதுவரையான புரிதல்

நாவல் என்ற வடிவம் தனிமனிதனின் வடிவம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வீடற்றுப்போன ஆன்மாவின் வடிவமாக நாவலைக் கண்டார் ஜோர்ஜ் லூகாச். அவருடைய ‘நாவலின் கோட்பாடு’ 1916 இல் அச்சில் வந்தது. இயன் வாட் 1957 இல் ஆங்கில நாவலின் எழுச்சியைத் தனிமனிதவாதத்தோடும் நடுத்தர வர்க்கத்தோடும் இணைத்தார். தமிழில் இந்தச் சமூகவியல் நோக்கை அழுத்தமாக முன்வைத்த நூல் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968). இந்த நோக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு முடிவு தானாக வந்து சேர்கிறது. நகரம், சம்பளம், வாடகை அறை ஆகியவற்றோடு வந்ததே தனிமை. கூட்டுக் குடும்பமும் கோயிலும் குளமும் உள்ள ஊரில் அதற்கு இடமில்லை.

இம்முடிவை நான் ஏற்கவில்லை. நாவல் தனிமனித உணர்வோடு பிறந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தனிமை நகரத்தில் பிறந்து ஊருக்கு வந்தது என்பதற்கு நமது நாவல்களே எதிர்ச்சாட்சி சொல்கின்றன.

ஈழத்து இலக்கிய வரலாறுகளில் ‘நொறுங்குண்ட இருதயம்’ பெரும்பாலும் வரிசை எண்ணாகவே இடம்பெறுகிறது. 1885 இல் சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய சரித்திரம்’, 1895 இல் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’, பிறகு இது. கிறிஸ்தவ ஒழுக்கத்தைப் போதிக்கும் நாவல் என்ற அடையாளம் ஒருபுறம், பெண் ஒடுக்குமுறையைப் பதிவுசெய்த முன்னோடி என்ற அடையாளம் மறுபுறம். இரண்டும் உண்மைதான். இரண்டுமே நாவலை ஒரு கருத்தின் சான்றாக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன என்பதே என் குறை.

அந்த வரிசையை வேறுவிதமாகவும் பார்க்கலாம். சித்திலெப்பையின் கதை எகிப்துவரை போகிறது. சரவணமுத்துப்பிள்ளையின் கதை நாயக்கர் காலத் தமிழகத்துக்குப் போகிறது. மங்களநாயகமோ தன் வீட்டு முற்றத்துக்கு வருகிறார். கடல் கடந்த சாகசத்தையும் அரசவைச் சூழ்ச்சியையும் விட்டு, திருமணமாகிப் போன ஒரு பெண் தன் கணவனுடைய வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கிறார். இந்தப் பார்வை மாற்றம் சிறியதல்ல.

3. கண்மணி யாரிடம் சொன்னாள்?

கதையின் எலும்புக்கூடு எளியது. கண்மணி நல்ல பெண். கணவன் அருளப்பா அவளை வருத்துகிறான். அவள் பொறுக்கிறாள், செபிக்கிறாள், உள்ளம் உடைந்து மடிகிறாள். அவளுக்கு எதிர்நிலையாகத் தோழி பொன்மணி நிற்கிறாள். பெரியவர்கள் போட்ட கணக்குக்குப் பணியாமல் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கத் துணிந்தவள் அவள். பொறுமைக்கும் துணிவுக்குமான ஒப்பீடாக இந்த இருவரையும் பார்ப்பது வழக்கம். ஆசிரியர் கண்மணியைப் புகழ்கிறாரா, பொன்மணியை ஆதரிக்கிறாரா என்று வாதிடலாம். நான் வேறொரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். கண்மணியின் துயரம் கதைக்குள் யாருக்குத் தெரியும்?

விடையைத் தலைப்பிலிருந்தே தேடவேண்டும். ‘நொறுங்குண்ட இருதயம்’ என்பது தமிழ் வேதாகமத்துச் சொல். சங்கீதப் புத்தகத்தில் இந்தச் சொல்வழக்கு வரும் இடங்களில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று 51 ஆம் சங்கீதம். தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் சாகவிட்டபின் பாடிய மனந்திரும்புதலின் பாட்டு அது. அங்கே நொறுங்கியிருப்பது பாவம் செய்தவனுடைய இருதயம். மற்றையது 34 ஆம் சங்கீதம். அங்கே நொறுங்கியவர்கள் துன்புற்றவர்கள். ஆண்டவர் அவர்களுக்கு அருகில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

எந்தச் சங்கீதத்தை மனத்தில் வைத்துத் தலைப்பிட்டார் என்பது நாவலின் பொருளையே மாற்றுகிறது. 51 ஐ எடுத்துக்கொண்டால் தலைப்புக்கு உரியவன் அருளப்பா. மனைவியை வருத்தியவனே நொறுங்கவேண்டும். கதை அவனுடைய மனந்திரும்புதலுக்கான அழைப்பு ஆகிறது. மிஷன் மரபில் வளர்ந்த வாசகர்கள் அப்படித்தான் வாசித்திருக்கக்கூடும். 34 ஐ எடுத்துக்கொண்டால் தலைப்பு கண்மணியுடையது. அவளுக்கு அருகில் ஒருவர் இருக்கிறார் என்பதே கதையின் ஆறுதல். எனது வாசிப்பு இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. நாவல் முழுவதும் நம் கண் கண்மணியின் மீதே நிற்கிறது என்பது முதற்காரணம். பாவம் செய்தவனுக்கு உரிய ஒரு சொல்லை, பாவம் செய்யப்பட்டவளுக்கு எடுத்துக்கொடுத்ததில் ஒரு பெண் எழுத்தாளரின் கை தெரிகிறது என்பது அடுத்தது.

அப்படியானால் கண்மணிக்கு ஒரு கேட்பவர் இருக்கிறார்: கடவுள். மனிதரில் கேட்கக்கூடியவள் பொன்மணி. ஆனால் அவளுக்கு அவள் வழி. கணவனுடைய வீட்டிலோ கேட்கும் நிலையில் எவரும் இல்லை. செபம் என்பது பக்திச் செயல் மட்டுமல்ல, இக்கதையில் அது பேச்சின் கடைசிப் புகலிடம். மனிதரிடம் சொல்லமுடியாதது அங்கே போய்ச் சேர்கிறது. இதைப் பணிவு என்று மட்டும் வாசித்தால், அந்தப் பணிவுக்குள் இருக்கும் ‘யாராவது என்னைக் கேளுங்கள்’ என்ற குரல் நம் காதில் விழாது.

அந்தக் காலத்தின் நிறுவனங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அமெரிக்க மிஷன் 1816 இல் தெல்லிப்பழையில் இறங்கியது. 1824 இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியது. மூன்று தலைமுறைப் பெண்கள் எழுதவும் வாசிக்கவும் கற்றபிறகே இந்த நாவல் வருகிறது. எழுத்தறிவு பெண்ணுக்கு மனத்தைச் சொல்லும் சொற்களைக் கொடுத்தது. அவற்றைச் சொல்ல ஓர் ஆளைக் கொடுக்கவில்லை. படித்த பெண்ணின் தனிமை படிக்காத பெண்ணின் தனிமையிலும் கூடியது என்று நான் சொல்லவரவில்லை; அதற்கு வடிவம் கிடைத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

சட்டம் என்ன கண்டது? யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் 1707 இல் தேசவழமையாகத் தொகுத்தனர். சீதனம் பெண்ணின் சொத்து என்பதை அது ஏற்றது. 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம், யாழ்ப்பாணத் திருமண உரிமைகளையும் மரபுரிமையையும் திருத்தியமைத்தது. அதன்படியும் மனைவி தன் காணியை விற்க வேண்டுமானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. நாவல் வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. காணி எங்கே போகவேண்டும், நகை யாருக்குச் சேரவேண்டும் என்பதில் ஊருக்கும் உறவுக்கும் நீதிமன்றத்துக்கும் துல்லியமான அறிவு இருந்தது. சீதனத்தோடு போன பெண்ணின் மனம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்க எந்த ஆவணத்திலும் ஒரு பத்தி இல்லை. அந்தப் பத்தியையே மங்களநாயகம் எழுதினார் என்பேன்.

இன்னொரு மரபும் நினைவுக்கு வருகிறது. நமது ஊர்களில் ஒரு பெண் தன் முறைப்பாட்டைப் பலர் முன்னே வாய்விட்டுச் சொல்ல அனுமதிக்கப்பட்ட இடம் செத்த வீடு. ஒப்பாரியில் அவள் புகுந்த வீட்டின் குறையைச் சொல்லலாம், கூடப் பிறந்தவனின் மறதியைச் சொல்லலாம், தன் வாழ்வு போன வழியைச் சொல்லலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் ஒப்பாரி முன்னிலைப்படுத்தும் ஆள் யார்? கிடத்தப்பட்டிருக்கும் பிரேதம். உயிரோடு இருந்தபோது கேட்காதவர், கேட்கமுடியாமற் போனபின் கேட்பவராக்கப்படுகிறார். சுற்றியிருப்பவர்கள் ஒட்டுக்கேட்பவர்களே. கண்மணியின் நாவலை ஒப்பாரியின் தொடர்ச்சியாக வைத்துப் பார்த்தால், அதில் நடந்த மாற்றம் புலப்படும். முன்னிலையில் இருந்த பிரேதம் அகன்று அந்த இடத்தில் வாசகர் வந்து உட்காருகிறார்.

4. லீவில் வந்தவன்

எஸ். பொன்னுத்துரை (1932–2014) அறுபதுகளில் எழுதிய ‘சடங்கு’ நாவலைப் பலர் காமத்தின் நாவலாக அறிவார்கள். கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞனாக இருக்கும் செந்தில்நாதன் சில நாள் லீவில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வருகிறான். மனைவி அன்னலட்சுமியோடு சேர்ந்திருக்க ஆசைப்படுகிறான். அவளுக்கும் அதே ஆசை. வீட்டில் மாமி, பிள்ளைகள், வருவோர் போவோர், கடமைகள், செலவுகள். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று இடையில் வந்து விழுகிறது. லீவு முடிகிறது. அவன் திரும்பிவிடுகிறான்.

இங்கே தனிமைக்குக் காரணம் வீட்டில் ஆள் இல்லாமை அல்ல, ஆள் நிறைந்திருத்தல். தெற்கில் உத்தியோகம், வடக்கில் குடும்பம் என்ற வாழ்க்கைமுறை யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்துக்குப் பல பத்தாண்டுகள் பழக்கம். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைவரையான ரயில் பாதை 1905 இல் முழுமையாயிற்று; யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது. மயிலிட்டிக்குப் பக்கத்து ஊரில்தான் அந்தப் பாதை முடிகிறது. மாதாமாதம் காசு வந்தது, லீவுக்கு ஆள் வந்தது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் நேரம் மட்டும் அந்த ரயிலில் வரவில்லை. செந்தில்நாதன் கொடியவன் அல்லன், அருளப்பாவின் எதிர்முனை. அப்படியிருந்தும் அன்னலட்சுமி கண்மணி நின்ற அதே இடத்தில் நிற்கிறாள். எனவே கொடுமைதான் தனிமைக்குக் காரணம் என்ற எளிய விளக்கமும் இங்கே உடைகிறது.

5. தன் கதையை இதழில் படித்த பெண்

கேட்பார் இல்லாமை பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான நாவல் எது என்று கேட்டால், ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்பேன். அதன் பிறப்பே இந்தக் கேள்வியோடு பின்னியது.

1966 இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் பதறினாலும், அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். கதை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பிறகு ஜெயகாந்தன் செய்தது அரிய காரியம். அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் இருந்திருந்தால் என்ற கேள்வியிலிருந்து ஒரு நாவலை வளர்த்தார். ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்து, 1970 இல் இப்போதைய தலைப்போடு நூலாயிற்று. 1972 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1977 இல் பீம்சிங் இயக்கத்தில் படமானது.

நாவலின் கங்காவுக்கு நேர்ந்தது சிறுகதையின் பெண்ணுக்கு நேர்ந்ததேதான். ஆனால் அவளுடைய தாய் அலறினாள், அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்தினான். மாமா வெங்கு அவளைப் படிக்கவைத்தார். அதற்குரிய விலையை அவருடைய கைகள் கேட்டுக்கொண்டே இருந்தன. ஆண்டுகள் கழித்து, நல்ல உத்தியோகத்தில் இருக்கும் கங்கா ஒரு பத்திரிகையில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய கதையைப் படிக்கிறாள். அது அவளுடைய கதை. முடிவு மட்டும் வேறு. அதிலே தாய் அணைத்துக்கொள்கிறாள்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். தன் வாழ்வில் எவரும் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று வாழ்ந்த பெண்ணை, முகம் தெரியாத ஓர் எழுத்தாளர் புரிந்துகொண்டிருக்கிறார். தன் தாய் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு கதைத் தாய் சொல்லியிருக்கிறாள். அந்தக் கதையைத் தன் தாயிடமே வாசிக்கக் கொடுக்கிறாள் கங்கா. இதைப் பழிவாங்கல் என்று கொள்ளலாம். நான் அதை ஒரு மனுவாகவே வாசிக்கிறேன். அத்தனை ஆண்டுகள் வாயால் சொல்லமுடியாததை, இன்னொருவரின் எழுத்தைக் கையில் கொடுத்துச் சொல்கிறாள்.

இந்நாவலைக் கற்பு பற்றிய விவாதமாக வாசிப்பதே பெருவழக்கு. அந்த வாசிப்பில் வெங்கு மாமாவின் சவால் மையமாகிறது. கெடுத்தவனோடு வாழ், இல்லையேல் யாருக்காவது வைப்பாட்டியாக இருக்கலாமே தவிர மனைவியாக முடியாது என்பது அவருடைய சாத்திரம். அதை ஏற்று, அல்லது அதைப் பொய்யாக்க, கங்கா அவனைத் தேடிப்போகிறாள். இந்த வாசிப்பின் சிக்கல், அவள் அவனைக் கண்டுபிடித்தபின் நடப்பதை விளக்கமுடியாமற் போவது. பிரபு மணமானவன், மனைவி பத்மா, மகள் மஞ்சு. வசதி உண்டு, சுயமதிப்பு இல்லை. கங்காவுக்கும் அவனுக்கும் இடையே உடலுறவு ஏற்படுவதில்லை. ஊர் அவளை அவனுடைய வைப்பாட்டி என்கிறது. அதை அவள் மறுக்கவும் இல்லை. கற்புதான் அவளுடைய கவலை என்றால் இந்த நடத்தைக்கு விளக்கம் இல்லை. பேச்சுத்துணைதான் தேவை என்றால் எல்லாம் தெளிவாகின்றது. அந்த இரவில் என்ன நடந்தது என்பதை உலகில் அறிந்த இன்னொரு ஆள் அவன் ஒருவனே. அவனிடம் மட்டுமே அவள் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

இதில் உள்ள கொடுமையை ஜெயகாந்தன் மறைக்கவில்லை. ஒரு பெண்ணைப் புரிந்துகொள்ளத் தகுதியுடைய ஒரே ஆளாக, அவளைச் சீரழித்தவனை விட்டுவைத்திருக்கிறது அவளுடைய சமூகம். இறுதியில் பிரபு அவளுக்கு நல்லது செய்வதாக எண்ணி, திருமணம் செய்துகொள்ளச் சொல்லி விலகுகிறான். அவனும் அவளைப் புரிந்துகொள்ளவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. அவள் குடிக்கத் தொடங்குகிறாள். கண்மணிக்குக் கடவுள் இருந்தார். கங்காவுக்கு அவரும் இல்லை. 1914 இலிருந்து 1970 வரையான அரை நூற்றாண்டில் பெண்ணுக்குக் கிடைத்தவை பல. ஆறுதலின் கணக்கில் ஒன்று குறைந்தும் இருக்கிறது.

6. வாய் பேசாதவரிடம் சொல்வது

கடல் கடந்த ஒரு நாவல் இந்த இடத்தில் நமக்கு உதவும். அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த கார்சன் மெக்கல்லர்ஸ் தம் 23 ஆவது வயதில், 1940 இல், ‘தி ஹார்ட் இஸ் எ லோன்லி ஹன்டர்’ நாவலை வெளியிட்டார். ஓர் ஆலை நகரத்தில் சிங்கர் என்ற ஒருவர் இருக்கிறார். காது கேளாதவர், வாய் பேசாதவர். இசைக்கு ஏங்கும் ஒரு சிறுமி, குடிகாரத் தொழிலாளி, கறுப்பின மருத்துவர், உணவுக்கடைக்காரர் ஆகிய நால்வரும் அவருடைய அறைக்கு வந்து தங்கள் மனத்தைக் கொட்டுகிறார்கள். தங்களை முழுதாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவரே என்று நால்வரும் நம்புகிறார்கள். சிங்கரோ அவர்களை அவ்வளவாகப் புரிந்துகொள்ளவில்லை. அவருடைய மனம் அன்டனப்புலோஸ் என்ற, மனநோய் விடுதியில் அடைக்கப்பட்ட தன் நண்பனிடம் இருக்கிறது. அந்த நண்பனுக்கோ சிங்கர் சொல்வது விளங்குவதில்லை. நண்பன் இறந்த செய்தி கேட்டதும் சிங்கர் தன்னைச் சுட்டுக்கொள்கிறார்.

நால்வருக்கும் சிங்கர் கிட்டத்தட்ட ஒரு தெய்வம். மறுமொழி பேசாததாலேயே அவர் முழுமையான கேட்பவராகத் தோன்றுகிறார். ஒப்பாரியின் பிரேதத்தையும் கண்மணியின் செபத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதர் கேட்காத இடத்தில், பேசாத ஒன்றின் முன்னே போய்ச் சொல்வது எல்லா நாட்டுக்கும் பொதுவானது என்று தெரிகிறது. வேறுபாடும் உண்டு. மெக்கல்லர்ஸின் மாந்தர் விடுதியிலும் கடையிலும் தெருவிலும் திரிபவர்கள், உறவிலிருந்து கழன்றவர்கள். நமது கண்மணியும் அன்னலட்சுமியும் கங்காவும் தாய், மாமி, மாமா, அண்ணன் என்ற உறவுப் பெயர்களின் நடுவே இருப்பவர்கள். ஒவ்வொரு உறவுப் பெயரும் ஒரு கடமையைச் சொல்கிறது. கேட்பது அந்தக் கடமைகளில் ஒன்றாக எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே நகரம் தனிமையைக் கொண்டுவந்தது என்ற கோட்பாடு அமெரிக்க ஆலை நகரத்துக்குப் பொருந்தலாம். மயிலிட்டியும் தெல்லிப்பழையும் அடங்கிய வலிகாமத்து வீட்டுக்குப் பொருந்தாது.

7. என் வாதத்தின் எல்லை

ஓர் எதிர்வாதத்துக்கு மறுமொழி சொல்ல நான் கடன்பட்டிருக்கிறேன். கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) மாந்தருக்குக் கிணறும் கோயில் வாசலும் தேநீர்க்கடைக் குவளையும் மறுக்கப்பட்டன. அவர்களிடம் போய் ‘உங்களை யாராவது புரிந்துகொண்டார்களா’ என்று கேட்பது வெட்கக்கேடாகாதா? புரிந்துகொள்ளப்படும் ஏக்கம் வயிறு நிறைந்தவர்களின் ஏக்கம்தானா?

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. நான் எடுத்துக்கொண்ட தமிழ் நாவல்கள் மூன்றும் காணியோ உத்தியோகமோ உள்ள குடும்பங்களின் கதைகள். மிஷன் கிறிஸ்தவக் குடும்பம், அரசாங்க எழுதுவினைஞர் குடும்பம், பிராமணக் குடும்பம். தெல்லிப்பழைக்கு வடக்கே சிறிது தூரத்தில் கடற்கரையில் வாழ்ந்த பெண் இம்மூன்றிலும் இல்லை. கணவன் படகில் போனபின் கரையில் நின்றவள், மீனைப் பெட்டியில் சுமந்து ஊரூராய் விற்றவள், காற்று மாறினால் கடலைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழித்தவள் இல்லை. அவளுக்கு மனம் இல்லை என்றல்ல. அவள் வீட்டுப் படலைவரை நாவல் வரவில்லை.

அவளுக்கு நேர்ந்தது கண்மணிக்கு நேர்ந்ததைவிடப் பெரிது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மயிலிட்டி ஒரே வீச்சில் வெறுமையாயிற்று. இலங்கையின் முக்கியமான மீன்பிடித் துறைகளில் ஒன்று இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. மக்கள் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம், மல்லாகம் கோணப்புலம் முகாம் போன்ற இடங்களில் வருடக்கணக்கில் இருந்தார்கள். தகரத்தாலும் ஓலையாலும் ஆன குடிசைகள், ஒன்றின் சுவரே மற்றதன் சுவர். கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசினாலும் அடுத்த குடும்பத்துக்குக் கேட்கும். ‘சடங்கு’ நாவலின் வீடு அங்கே நூறு மடங்கு நெருக்கமாயிற்று. எல்லோருடைய சத்தமும் எல்லோருக்கும் கேட்டது. ஒருவரின் சொல் இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. பதிவு செய்ய வந்த அதிகாரிகள் குடும்ப அட்டை இலக்கத்தையும் இழந்த காணியின் பரப்பையும் எழுதிக்கொண்டார்கள். அவை தேவையானவை. ஆனால் தேசவழமையும் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் கேட்ட கேள்விகள்தாம் அவை: காணி எவ்வளவு, யாருடைய பெயரில்?

துறைமுகம் 27 ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலை 3 ஆம் திகதி விடுவிக்கப்பட்டது. ஆகவே எதிர்வாதத்துக்கு என் மறுமொழி இதுதான். கிணறும் காணியும் கடலும் முதலில் திரும்பவேண்டும், அதில் ஐயமில்லை. அவை திரும்பிய பிறகும், அல்லது திரும்பாமலே இருக்கும்போதும், ‘எனக்கு என்ன நடந்தது என்று ஒருவர் உட்கார்ந்து கேட்கவேண்டும்’ என்ற தேவை அப்படியே நிற்கிறது. அது வசதிக்குப் பின் வரும் ஆடம்பரம் அல்ல. வலிகாமத்தின் நாவல் மரபு 1914 இலேயே அதை அறிந்திருந்தது.

1990 இல் நாற்பது வயதில் மயிலிட்டியைவிட்டு நடந்த ஒரு பெண்ணுக்கு, துறை திரும்பியபோது வயது 67. அந்தத் தலைமுறை இனி நெடுநாள் நம்மோடு இராது. இதை வாசிப்பவர் வலிகாமத்தவர் ஆயினும், கனடாவிலோ பாரிசிலோ இருந்து லீவுக்கு ஊர் வருபவர் ஆயினும், அவர்களில் ஒருவரிடம் ஒரு பின்னேரம் போய் இருங்கள். படிவம் கொண்டுபோக வேண்டாம். காணிக் கணக்குக் கேட்க வேண்டாம். அவர் கதைக்கட்டும். கதைப்பதை அவருடைய பேச்சிலேயே, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதி வையுங்கள்.